விண்டோஸ், லினக்ஸ், மேக்: ஃபோல்டர் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்கு பார்ப்பவரிடம் விண்டோஸ், வடிவமைப்பாளரிடம் மேக், மூலையில் உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய கணினி சர்வராக. சின்ன அலுவலகங்களில் இப்படி ஒரு கலவை சகஜம். மூன்றும் ஒரே ஃபோல்டரைப் பயன்படுத்த வேண்டுமென்றால் நடுவில் வேலை செய்வது பெரும்பாலும் எஸ்எம்பி (SMB) நெறிமுறை, அதாவது நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர்வதற்கான பொது விதிமுறை. விண்டோஸில் அது கூடவே வருகிறது. மேக்கில் 2013-இல் வந்த மேவரிக்ஸ் முதல் அதுவே இயல்பான வழி. லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது சாம்பா, 1992-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய திட்டம். நெறிமுறை ஒன்றுதான் என்றாலும், யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் விதம் மூன்றிலும் வேறு. அதனால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற ஒரே செய்திக்கு ஐந்தாறு காரணங்கள் இருக்கலாம். எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் திறந்துவிடுவதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது.

777 போட்டுப் பார்ப்பது

லினக்ஸ் பக்கம் மறுப்பு வந்தால் சிஎச்மாட் 777 (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று திறந்துவிடும் கட்டளை), விண்டோஸ் பக்கம் என்றால் 'எவ்ரிஒன்' குழுவுக்கு முழு அதிகாரம். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம் இதுதான். பாதுகாப்பு போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நெட்வொர்க்கில் ஏதாவது ஒரு கணினியில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரல்) புகுந்தால் அந்த ஃபோல்டர் முழுவதையும் அது பூட்டிவிடலாம். அதைவிட எரிச்சலான விஷயம், இந்த வைத்தியம் பல நேரம் பலிப்பதே இல்லை. பலித்தாலும் மறுநாள் நிற்பதில்லை.

காரணம் எளிது. 777 என்பது இப்போது இருக்கும் கோப்புகளுக்கு மட்டும்தான். சாம்பா வழியாக நாளை ஒருவர் புதிய கோப்பு உருவாக்கினால் அதற்கான அனுமதியை 'கிரியேட் மாஸ்க்' என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 0744. அதாவது உருவாக்கியவர் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம், அவ்வளவுதான். "நேற்று நன்றாகத்தானே இருந்தது" என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

சரியான வழிக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். லினக்ஸில் ஒரு குரூப் உருவாக்கி, தேவையானவர்களை மட்டும் அதில் சேர்த்து, ஃபோல்டரை அந்தக் குரூப்பின் பெயருக்கு மாற்றி 2770 கொடுங்கள். உரிமையாளருக்கும் குரூப்புக்கும் முழு உரிமை, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்பது 770-இன் பொருள். முன்னால் இருக்கும் 2, உள்ளே புதிதாக உருவாகும் எதுவும் அதே குரூப்புக்கே சொந்தமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். சாம்பா அமைப்புக் கோப்பில் கிரியேட் மாஸ்க் 0660 என்றும், புதிய ஃபோல்டர்களுக்கான டைரக்டரி மாஸ்க் 2770 என்றும் வையுங்கள். எழுதியதில் பிழை இருக்கிறதா என்று 'டெஸ்ட்பார்ம்' (testparm) கட்டளை சொல்லிவிடும்.

ஒரு பூட்டை மட்டும் பார்ப்பது

விண்டோஸில் ஃபோல்டரைப் பகிரும்போது இரண்டு அனுமதிகள் உண்டு. ஒன்று பகிர்வுக்கானது, மற்றது வட்டில் கோப்புகளைச் சேமிக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் (NTFS) முறை வைத்திருப்பது. தெருப்பக்க கேட்டும் உள் கதவும் மாதிரி. நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். இரண்டில் எது கறாரோ அதுதான் செல்லும். பகிர்வுப் பக்கம் இயல்பாக 'எவ்ரிஒன்: படிக்க மட்டும்' என்று இருப்பதுண்டு. என்டிஎஃப்எஸ் பக்கம் மாற்றும் உரிமை கொடுத்துவிட்டு, ஏன் சேமிக்க முடியவில்லை என்று மணிக்கணக்கில் மண்டையை உடைப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். அதே கணினியில் உட்கார்ந்து நேரடியாகத் திறந்து பார்ப்பதும் சோதனை ஆகாது, அப்போது பகிர்வு அனுமதி குறுக்கே வருவதே இல்லை. இன்னொரு கணினியிலிருந்துதான் பார்க்க வேண்டும். பகிர்வில் மாற்றும் உரிமையைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, யாருக்கு எது என்பதை என்டிஎஃப்எஸ் பக்கம் மட்டும் கட்டுப்படுத்துவது நிர்வகிக்க எளிது. 'டினை' (மறு) பெட்டியில் டிக் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டு குரூப்பில் இருக்கும் ஒருவரை அது எதிர்பாராமல் வெளியே நிறுத்திவிடும். உரிமை வேண்டாம் என்றால் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

சாம்பாவிலும் இதே கதைதான். அமைப்புக் கோப்பு 'எழுதலாம்' என்று சொன்னாலும் லினக்ஸ் அனுமதி மறுத்தால் மறுத்ததுதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பகிரும் ஃபோல்டருக்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் கடந்து செல்லும் உரிமை வேண்டும். உபுண்டு 21.04 முதல் புதிய யூசர்களின் ஹோம் ஃபோல்டர் 750 அனுமதியோடு, அதாவது மற்றவர்களுக்கு எந்த உரிமையும் இல்லாமல், உருவாகிறது. அதற்குள் ஒரு ஃபோல்டரை வைத்து 777 அல்ல, என்ன போட்டாலும், வேறு யூசரால் மேல் படியையே தாண்ட முடியாது. பொதுவானவற்றை 'எஸ்ஆர்வி' (/srv) போன்ற தனி இடத்தில் வைத்துவிடுவது நல்லது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையைப் பயன்படுத்துபவர்களுக்கு எஸ்இலினக்ஸ் (SELinux) என்று இன்னொரு காவலும் இருக்கிறது. ஃபோல்டருக்கு சாம்பாவுக்கான லேபிள் ஒட்டினால் தீரும். அதற்காக எஸ்இலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள்.

யார் என்று தெரியாமல் அனுமதியைத் திருத்துவது

அனுமதி எல்லாம் சரி, ஆனால் சர்வர் உங்களை வேறு ஆளாக நினைத்துக்கொண்டிருக்கலாம். விண்டோஸில் தினமும் பின் எண் போட்டு உள்ளே போகிறவர், அதையே இன்னொரு கணினி கேட்கும்போதும் தட்டுகிறார். பின் எண் அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். நெட்வொர்க்கில் கேட்பது கணக்கின் உண்மையான பாஸ்வேர்டை. பாஸ்வேர்டே வைக்காத விண்டோஸ் கணக்கு நெட்வொர்க் வழியாக இயல்பாகவே ஏற்கப்படாது. சாம்பாவோ தனக்கென்று தனிப் பாஸ்வேர்டு பட்டியல் வைத்திருக்கிறது. லினக்ஸில் யூசரை உருவாக்கினால் மட்டும் போதாது, 'எஸ்எம்பிபாஸ்வேர்ட்' (smbpasswd) கட்டளையில் அவரைச் சேர்க்கவும் வேண்டும். மேக் கணினியிலிருந்து பகிர்கிறீர்கள் என்றால், கோப்புப் பகிர்வின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் விண்டோஸ் பகிர்வுக்கென்று ஒவ்வொரு கணக்குக்கும் தனியாக டிக் போட வேண்டியிருக்கும். அது கண்ணில் படாத இடத்தில் இருப்பதால் பலர் கடந்து போய்விடுகிறார்கள்.

விண்டோஸ் பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அதையே அனுப்புவதும் உண்டு. விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து பழையதை நீக்குங்கள். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயர்களில் போக முயன்றால் 1219 என்ற பிழை வரும். அது அனுமதிச் சிக்கலே அல்ல. 'நெட் யூஸ்' கட்டளையால் பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி போனால் சரியாகிவிடும். அப்புறம், ஒருவரைப் புதிதாகக் குரூப்பில் சேர்த்தால் அவர் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழையும்வரை பழைய உரிமைதான் இருக்கும். இது விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொது.

நெட்வொர்க் கோளாறை அனுமதிக் கோளாறாக நினைப்பது

80070035 என்ற எண் வந்தால் சர்வரையே எட்ட முடியவில்லை என்று பொருள். 80070005 வந்தால்தான் அனுமதி மறுப்பு. முதல் எண்ணுக்கு ஃபோல்டர் அனுமதியைத் தொடவே வேண்டாம். நெட்வொர்க் 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, எஸ்எம்பி பயன்படுத்தும் 445 போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய ஸ்கேனரோ பழைய நெட்வொர்க் வட்டோ திடீரென்று நின்றுபோனால் சந்தேகப்பட வேண்டியது நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை ரான்சம்வேர் அதன் ஓட்டையைத்தான் பயன்படுத்தியது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாகப் போடப்படுவதில்லை. 2019-இல் சாம்பா 4.11-ம் அதை இயல்பில் நிறுத்திவிட்டது. ஒரு ஸ்கேனருக்காக அதை மறுபடி இயக்குவது என் பார்வையில் வீண் ஆபத்து, மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதி அந்த இயந்திரத்தில் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' பகிர்வும் இதே வழியில் போகிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் ப்ரோவிலும் அது இயல்பாக மறுக்கப்படுகிறது. அப்டேட் வந்த மறுநாள் பகிர்வு நின்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கட் செய்து ஒட்டுவது

என்டிஎஃப்எஸ்ஸில் ஒரே டிரைவுக்குள் கோப்பை நகர்த்தினால் பழைய அனுமதி கூடவே வரும். நகலெடுத்தால் புதிய ஃபோல்டரின் அனுமதியை ஏற்கும். லினக்ஸிலும் ஏறக்குறைய அப்படித்தான், நகர்த்திய கோப்பு பழைய உரிமையாளரையும் குரூப்பையும் விடாது. தன் சொந்த ஃபோல்டரில் வேலை பார்த்து, முடிந்ததும் பொது ஃபோல்டருக்குக் கட் செய்து ஒட்டுபவரின் கோப்புகளை மட்டும் மற்றவர்களால் திறக்க முடியாமல் போவது இதனால்தான்.

பென் டிரைவில் வரும் சிக்கல்களில் சில அனுமதியோடு சம்பந்தமே இல்லாதவை. என்டிஎஃப்எஸ் வட்டை மேக் படிக்கும், தானாக எழுதாது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால், விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வட்டைப் பாதித் தூக்கத்தில் விட்டுவிடுவதால் லினக்ஸ் அதைப் படிக்க மட்டுமே திறக்கலாம். எடுத்துச் செல்வதற்கு எக்ஸ்ஃபேட் (exFAT) முறையில் ஃபார்மேட் செய்த டிரைவ் போதும், அதில் அனுமதி என்ற பேச்சே கிடையாது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. ஒ, ஓ, ஔ ஓசை ஏறிய எழுத்துகளின் குறிகளை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்கு அப்படியே வந்த 'கோப்பு', 'தொகை' போன்ற பெயர்கள் பட்டியலில் தெரிந்தும் திறக்காமல் போகலாம். அனுமதியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. சர்வரில் 'கன்வ்எம்வி' (convmv) என்ற கருவியைக் கொண்டு பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.