டயப்பர் நனைந்ததைத் தொடாமலே அறிவது எப்படி? வீட்டிலேயே ஈர உணரி அமைக்கும் செய்முறை

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் அம்மாயி பக்கவாதத்தில் படுக்கையாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, போர்வையை விலக்கி, டயப்பர் நனைந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பது என் வேலை. பாதி நேரம் அது உலர்ந்தே இருக்கும். அவருடைய தூக்கம் கலைந்ததுதான் மிச்சம். மீதி நேரம் அது எப்போதோ நனைந்திருக்கும்; தொடையிடுக்கில் தோல் சிவந்திருக்கும். "தொட்டுத் தொட்டுப் பாக்காத சாமி, கூச்சமா இருக்குது" என்று ஒரு நாள் அவர் சொன்ன பிறகுதான் இந்த உணரியைச் செய்யத் தொடங்கினேன். பற்றவைப்புக் கோலை (சோல்டரிங் அயர்ன்) கையில் பிடித்தே பழகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு மாலை நேரமும் ஏறத்தாழ ஆயிரம் ரூபாயும் போதும்.

ஈரம் ஏன் தோலைக் கெடுக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாகச் சிதைக்கும்போது அந்த அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை கூடுகிறது. ஏற்கெனவே ஊறி மென்மையாகிவிட்ட தோல் அப்போது சிறு உராய்வையும் தாங்காது. இதற்கெல்லாம் நேரம் தேவை. ஆகவே நனைந்ததா என்பதைக் காட்டிலும் எப்போது நனைந்தது என்பதே நமக்கு முக்கியம்.

கையில் ஒரு டயப்பரை எடுத்துக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தோலைத் தொடும் மெல்லிய மேல்துணி, அதன் கீழே ஈரத்தைப் பரப்பும் ஒரு படலம், அதற்கும் கீழே பஞ்சு போன்ற மரக்கூழ், எல்லாவற்றுக்கும் அடியில் நீர் கசியாத பாலித்தீன் தாள் என்று அடுக்கடுக்காக இருக்கும். மரக்கூழை உதறினால் சர்க்கரைத் துகள் போல வெண்மணிகள் உதிரும். சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் உறிஞ்சுபொருள் இதுதான். ஒரு தேக்கரண்டி மணிகளை டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். நம் ஊர் ஜவ்வரிசி வெந்து பளபளப்பதைப் போல, அடுப்பே இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள் முழுவதும் கூழ்ப்பாகாகத் திரண்டு, டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும். இப்போது அதன்மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக் கலக்குங்கள். திரண்டது தளர்ந்து, பிடித்து வைத்த நீரை விட்டுவிடும். தூய நீரைத் தன் எடையைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு ஏற்கும் இந்தப் பொருள், உப்புக் கலந்த நீரை அதில் சிறு பங்கே ஏற்கிறது. சிறுநீரில் உப்பு உண்டு. எனவே சோதனை செய்யும்போது ஒருபோதும் வெறும் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். பின்னால் வரும் எல்லா அளவுகளும் தவறிவிடும்.

பல டயப்பர்களின் வெளிப்புறத்தில் மஞ்சள் கோடு ஒன்று ஓடும். நனைந்ததும் அது நீலமாகும் அல்லது பச்சையாகும். பல நிறுவனங்கள் அதில் புரோமோபீனால் புளூ என்ற நிறங்காட்டியைச் சேர்க்கின்றன. அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு 3.0க்குக் கீழே அது மஞ்சளாகவும் 4.6க்கு மேலே நீலமாகவும் இருக்கும். அமிலம் கலந்த பசையில் மஞ்சளாக அடங்கியிருக்கும் அது, சிறுநீர் பட்டதும் நிறம் மாறுகிறது. மலிவான, பழுதில்லாத ஏற்பாடு இது. ஆனால் நள்ளிரவில் விளக்கைப் போட்டுப் போர்வையை விலக்கினால்தான் கோடு தெரியும். சில துளி பட்டாலும் நிறம் மாறிவிடுவதால் எவ்வளவு நனைந்தது என்பதும் தெரியாது.

மின்சார முறையில் ஈரத்தை அறிய முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. உள்ளே இரண்டு மின்முனைகளை வைத்து, உப்புநீர் அவற்றை இணைக்கும்போது மின்தடை குறைவதைப் பார்ப்பது முதல் வழி. இது எளிதுதான் என்றாலும் மின்முனை ஈரத்தோடும் தோலோடும் உறவாடுவதை நான் விரும்பவில்லை. ஒரே திசையில் மின்சாரம் செலுத்திக்கொண்டே இருந்தால் மின்முனையும் அரித்துப் போகும். மின்கலமே இல்லாத, தொலைவிலிருந்து ரேடியோ அலையால் படிக்கக்கூடிய அட்டையைப் பொருத்துவது மற்றொரு வழி. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2020இல், நனைந்து திரண்ட உறிஞ்சுபொருளையே அந்த அட்டையின் ஆன்டெனாவுக்குத் துணையாக்கி, ஒரு மீட்டர் தொலைவிலிருந்து ஈரத்தை அறிய முடியும் என்று காட்டினார்கள். ஓர் உணரிக்கு இரண்டு சென்ட்டுக்கும் குறைவாகவே செலவாகும் என்றும் கணக்கிட்டார்கள். அருமையான வேலை அது. ஆனால் அதற்கான படிப்பான் கருவி நம் வீட்டுச் செலவுக்குள் அடங்காது.

நாம் செய்யப்போவது மின்தேக்குத்திறனை, அதாவது அருகருகே உள்ள இரண்டு உலோகப் பட்டைகள் மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் திறனை, அளக்கும் வழி. இடையே உள்ள பொருள் அந்தத் திறனை எத்தனை மடங்கு கூட்டும் என்பதே மின்காப்பு மாறிலி. நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. உலர்ந்த பிளாஸ்டிக்குக்கு அது இரண்டு, மூன்றுதான். ஆகவே டயப்பரின் வெளித்தாள்மேல் இரண்டு செப்புப் பட்டைகளை ஒட்டினாலே, உள்ளே நீர் வந்ததும் அவற்றுக்கிடையேயான மின்தேக்குத்திறன் கூடிவிடும். தோலையும் தொட வேண்டியதில்லை, ஈரத்தையும் தொட வேண்டியதில்லை.

தேவையான பொருள்கள்: ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) ஒன்று, ஒரு சென்டிமீட்டர் அகலச் செப்பு டேப், ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பிசி817 என்ற ஆப்டோகப்ளர் (இரண்டு சுற்றுகளை வயரால் இணைக்காமல் ஒளியால் இயங்கும் சிறு சுவிட்ச்), மூன்று ஏஏ பேட்டரிகளும் அவற்றுக்கான பெட்டியும், மெல்லிய வயர், வாசலுக்குப் பயன்படும் கம்பியில்லா அழைப்பு மணி ஒன்று. அழைப்பு மணி எதற்கு என்று கேட்பீர்கள். நான் முதலில் கட்டிலருகே பஸ்ஸர் வைத்தேன். அது முதன்முறை அலறியபோது, "பக்கத்து வூட்டுக்கெல்லாம் கேக்குமே" என்று அம்மாயி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றே அதைக் கழற்றிவிட்டேன். செய்தி நமக்கு மட்டும் வந்தால் போதும். மணியின் ஒலிக்கும் பகுதி அடுத்த அறையில் நம் தலைமாட்டில் இருக்கட்டும்.

முதல் படி, ஒட்டுப்பட்டை தயாரிப்பது. பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமும் ஆறு சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய துணித்துண்டு ஒன்றில், பத்து சென்டிமீட்டர் நீளச் செப்பு டேப் இரண்டை, இடையே அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, இணையாக ஒட்டுங்கள். ஒன்று அளக்கும் பட்டை, மற்றொன்று கிரவுண்டுப் பட்டை (கிரவுண்டு என்பது சுற்றின் எதிர்முனை). இரண்டின் ஒரே பக்க முனையில் வயரைப் பற்றவையுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் உறவினர் ஒருவர், பற்று நிற்காமல் நான் தவிப்பதைப் பார்த்து, "மொதல்ல தேச்சுச் சுத்தம் பண்ணுங்க மாப்ள, அப்புறம் உலோகத்தச் சூடு பண்ணுங்க, ஈயத்தச் சூடு பண்ணாதீங்க" என்றார். செப்பைத் தேய்த்துவிட்டு, கோலின் நுனியைச் செப்பின்மீது மூன்று விநாடி வைத்து, அதன் பிறகு ஈயத்தை அந்தச் செப்பில் வைத்தால், அது தானாகப் பரவிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளிக்குச் சொன்ன சொல் செப்புக்கும் பொருந்திற்று. பிறகு துணியின் இரு புறமும் அகலமான பிளாஸ்டிக் டேப்பை ஒட்டி, ஓரம் முழுவதையும் காற்றுப் புகாமல் மூடுங்கள். இதே அளவில் இன்னொரு பட்டையும் செய்யுங்கள்.

இரண்டாவது பட்டை ஏன் என்பதை ஏற்காடு எனக்குக் கற்றுத்தந்தது. ஐப்பசியில் நாகலூரில் உள்ள மாமா வீட்டுக்கு அம்மாயியை அழைத்துச் சென்றோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த அன்றிரவு, டயப்பர் உலர்ந்திருக்கும்போதே மணி இரண்டு முறை அடித்தது. சன்னல் வழியே வந்த மூடுபனியை, அப்போது நான் டேப் ஒட்டாமல் வைத்திருந்த துணி உறிஞ்சிக்கொண்டிருந்தது. அளவு மெல்ல மெல்ல ஏறி எல்லையைத் தாண்டிவிட்டது. இப்போது ஒரு பட்டை நனையும் இடத்திலும், மற்றொன்று ஈரம் எட்டாத இடுப்புப் பகுதியிலும் இருக்கின்றன. பனி, வெயில், உடல் அசைவு ஆகியவை பெரும்பாலும் இரண்டையும் ஒன்றுபோல் பாதிக்கின்றன. சிறுநீர் மட்டும் ஒன்றை மட்டுமே பாதிக்கிறது. இரண்டுக்குமான வேறுபாட்டைப் பார்த்தால் போதும்.

அடுத்தது வயர் இணைப்பு. நானோவின் 4ஆம் காலிலிருந்து (பலகையில் D4 என்று அச்சிட்ட இணைப்பு முனை; மற்ற எண்களும் அப்படியே) ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக 2ஆம் காலுக்கும், மற்றொரு மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக 6ஆம் காலுக்கும் இணைப்புக் கொடுங்கள். நனையும் இடத்துப் பட்டையின் அளக்கும் செப்பு 2ஆம் காலுக்கும், இடுப்புப் பட்டையின் அளக்கும் செப்பு 6ஆம் காலுக்கும் செல்ல வேண்டும். கிரவுண்டுச் செப்பு இரண்டும் நானோவின் கிரவுண்டுக்குப் போகும். வயர்களை இருபது சென்டிமீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள். நீண்ட வயரே ஒரு பட்டை போல நடந்துகொள்ளும். 9ஆம் காலிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பிசி817இன் புள்ளியிட்ட காலுக்கும், அதே பக்கத்து மறுகாலிலிருந்து கிரவுண்டுக்கும் வயர் கொடுங்கள். எதிர்ப்பக்கத்து இரண்டு கால்களை அழைப்பு மணிப் பொத்தானின் இரு முனைகளில் பற்றவையுங்கள். மணி அடிக்காவிட்டால் அந்த இரண்டையும் இடம் மாற்றினால் சரியாகும். பேட்டரிப் பெட்டியின் நேர்முனை நானோவின் 5 வோல்ட் காலுக்கும், எதிர்முனை கிரவுண்டுக்கும் போகட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உணரி ஒருவர் உடலில் இருக்கும்போது நானோவைச் சுவர் மின்சாரத்தில் மாட்டிய சார்ஜரோடோ கணினியோடோ ஒருபோதும் இணைக்காதீர்கள். படுக்கையில் லித்தியம் பேட்டரியும் வேண்டாம். மூன்று ஏஏ பேட்டரிகள் இரவுப் பயன்பாட்டுக்கு ஒரு வாரம் வரை வரும்.

நிரலுக்கு ஆர்டுயினோ மென்பொருளில் 'கெப்பாசிட்டிவ் சென்சார்' என்ற நூலகத்தை, அதாவது ஆயத்தமான நிரல் தொகுப்பை, சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டை ரெசிஸ்டர் வழியே மின்னேற்றம் அடைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைத்தான் அது எண்ணுகிறது. ஒருமுறை ஏறும் நேரம் மைக்ரோ விநாடிக் கணக்கில் மிகச் சிறியது என்பதால், ஐந்நூறு முறை அளந்து கூட்டச் சொல்லுங்கள். அந்த நூலகத்தின் வழக்கமான கட்டளை தன் அடிப்படை அளவைத் தானே அவ்வப்போது திருத்திக்கொள்ளும். விரலால் தொடும் பொத்தானுக்கு அது நல்லது, மெல்லப் பரவும் ஈரத்துக்கு ஆகாது. 'ரா' (Raw) என்று முடியும், திருத்தமில்லாத கட்டளையையே பயன்படுத்துங்கள். நான் ஒரு வாரத்தை இழந்தது இந்த ஒரு சொல்லால்தான். பட்டைகளைப் பொருத்திய பின் ஐந்து நிமிடம் காத்திருந்து இரண்டின் வேறுபாட்டைச் சராசரியாக நினைவில் வைப்பது, பிறகு பத்து விநாடிக்கு ஒருமுறை அளப்பது, வேறுபாடு எல்லையைத் தாண்டித் தொடர்ந்து ஆறு அளவுகள் நின்றால் 9ஆம் காலை ஒரு விநாடி இயக்குவது ஆகியவை மட்டுமே நிரலின் வேலை. புரண்டு படுத்தால் அளவு துள்ளும், ஆனால் ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும், ஈரம் இறங்காது.

எல்லையை எப்படிக் குறிப்பது? யாருடைய எண்ணையும் கடன் வாங்காதீர்கள். உங்கள் டயப்பரிலேயே அளந்துகொள்ளுங்கள். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் நாலரை கிராம் உப்பைக் கரையுங்கள். டயப்பரை விரித்து, பட்டைகளை வெளிப்புறத்தில் ஒட்டி, உள்புறத்தின்மேல் வெதுவெதுப்பான நீர் நிரப்பிக் கட்டிய பிளாஸ்டிக் பையை உடலுக்குப் பதிலாக வையுங்கள். உடலின் எடையும் அதன் மின்தேக்குத்திறனும் இல்லாமல் எடுத்த அளவு இரவில் பொய்த்துவிடும். இந்தச் சோதனைக்கு மட்டும் நானோவைக் கணினியில் இணைத்து எண்களைப் பாருங்கள். அதுவும் சார்ஜரைக் கழற்றிய மடிக்கணினியாக இருக்கட்டும். கரைத்து வைத்த உப்புநீரைப் பையின் அடியில் ஐம்பது ஐம்பது மில்லியாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பொறுத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நூறு மில்லியில் எவ்வளவு ஏற்றம் கிடைத்ததோ, அதில் பாதியை எல்லையாக வையுங்கள். எங்கள் வீட்டில் ஐம்பது மில்லிக்கு ஏற்றம் மிகச் சிறிதாகவே இருந்தது, நூறு மில்லியில் எண் தெளிவாக உயர்ந்தது. டயப்பரின் பிராண்டை மாற்றினால் இந்தச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

இனி அணிவிப்பது. முதல் பட்டையை முன்பக்க நடுவிலிருந்து கால்களுக்கிடையே இறங்குமாறு, வயர் முனை மேலே இருக்கும்படி, காகித மருத்துவ டேப்பால் ஒட்டுங்கள். ஆண்களுக்கு இன்னும் சற்று மேலே ஒட்டலாம். முதுகுப்புறம், வால் எலும்பு, இடுப்பு எலும்பு ஆகியவற்றின் கீழே பட்டையோ வயரோ பற்றவைத்த முடிச்சோ வரவே கூடாது. கடுகளவு முடிச்சும் அசைய முடியாதவரின் தோலில் படுக்கைப்புண்ணைத் தொடங்கி வைக்கும். நானோ இருக்கும் சிறு பெட்டியை இடுப்பருகே போர்வைக்கு மேலே வைத்தால், புரட்டிப் படுக்க வைக்கும்போது கண்ணில் படும்.

முதல் வாரம் ஒரு நோட்டில் மணி அடித்த நேரத்தையும், மாற்றிய டயப்பரின் எடையையும் எழுதுங்கள். சமையலறைத் தராசைப் போன்ற ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று எவ்வளவு சிறுநீர் என்பது கிடைத்துவிடும். அம்மாயியின் நோட்டில் நான்கே நாளில் ஓர் ஒழுங்கு தெரிந்தது: பதினொன்றரை மணி சுமாருக்கு ஒருமுறை, விடியுமுன் நாலு மணிக்கு ஒருமுறை. டயப்பரைப் பார்ப்பதற்காக வேறு எந்த நேரத்திலும் அந்தப் போர்வை இப்போது விலகுவதில்லை. பதினொன்றரைக்கு மணி அடிக்கவில்லை என்றால் மட்டும் எழுந்து பார்க்கிறேன். பட்டை நழுவியிருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது அவர் நீர் குறைவாகக் குடித்திருக்கலாம். மூன்றாவது காரணம் இரண்டு நாள் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மலம் கழித்ததை இந்த உணரி அறியாது. அதற்கு மூக்கும் கண்ணுமே துணை. புண்ணாகாமல் புரட்டிப் படுக்க வைக்கும் நேரத்தையும் இது குறைக்காது. மணி அடிக்காத இரவிலும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் புரட்டத்தான் வேண்டும். தோலில் சிவப்பு அழுத்தினாலும் மறையாமல் நின்றால், உணரி என்ன சொன்னாலும் செவிலியரிடம் காட்டுங்கள்.

டயப்பரைக் கழற்றும்போது பட்டைகளை முதலில் உரித்துச் சோப்பு நீர் தொட்ட துணியால் துடைத்துக் காய வையுங்கள். டேப்பின் ஓரத்தில் காற்றுக் குமிழ் தெரிந்தால் அந்தப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று செய்யுங்கள். நான் எப்போதும் இரண்டு ஜோடிகளைத் தயாராக வைத்திருக்கிறேன். மலைக்குப் போகும்போது மூன்று.