கத்தி கீறினால்: எங்கள் லயத்து வீட்டுக் கைவைத்தியம்

அம்மா முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், விடியுமுன்னே அவர் கத்தி தீட்டும் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். பட்டையை மெல்லிசாகச் சீவுகிற கத்தி விரலையும் அப்படியே சீவும். அதனால் வெட்டுக்காய வைத்தியம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பாதி சரியாக, பாதி தப்பாக.

தப்பான பாதியை நான் காலில் வாங்கினேன். ஒன்பது வயதில் தேங்காய் உரிக்கும்போது பாராங் என்கிற வெட்டுக்கத்தி நழுவிக் கணுக்காலில் பட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஓடி வந்து ஒரு பிடி கோப்பித்தூளை அப்பினார். ரத்தம் நின்றது. மூன்றாம் நாள் கால் வீங்கி விண்விண்ணென்று தெறித்தது. தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர், காய்ந்து கல்லாகிப்போன தூளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். அடியில் சீழ். அம்மா என் தலையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தார். பாட்டி அன்போடு செய்ததுதான். ஆனாலும் கோப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு, சிலந்தி வலை எதுவும் திறந்த காயத்துக்கு வேண்டாம்.

சரி, சின்ன வெட்டுதான் என்றால் முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்துவிடும். நின்றதும் குழாயைத் திறந்து ஐந்து நிமிஷமாவது ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். மண், பட்டைத் துணுக்கு எல்லாம் போகவேண்டும். சோப்பு காயத்தைச் சுற்றி மட்டும் போதும். பாதி வைத்தியம் இந்தத் தண்ணீரிலேயே முடிந்துவிடுகிறது.

மலாய்க்காரர்கள் ‘கபால் தெர்பாங்’ என்று சொல்லும் செடியின் கொழுந்தைக் கசக்கி வைத்தால் ரத்தம் நிற்கும். அம்மா செய்து நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதை வாயில் மென்று வைப்பார்கள், அது கூடவே கூடாது. கைவசம் துணி இருந்தால் துணிதான். காட்டுக்குள் வேறு வழியில்லாமல் இலை வைத்திருந்தால், வீடு வந்ததும் கழுவி எடுத்துவிடுங்கள்.

நான் நம்புவது தேனை. அதிலுள்ள சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொள்வதால் கிருமி வளர முடிவதில்லை. கழுவி ஒற்றி எடுத்த மேலோட்டமான கீறலில் மெல்லிசாகத் தடவி, துணிக்கட்டுப் போட்டு, தினமும் மாற்றவேண்டும். காயத்துக்கென்றே சுத்திகரித்து மருந்துக்கடையில் விற்கும் தேன் இன்னும் நல்லது.

மஞ்சளை வைத்து அமெரிக்காவில் ஒரு சண்டையே நடந்தது. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அங்கே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இது எங்கள் பழைய வழக்கம் என்று இந்தியா ஆதாரங்களைக் காட்டவே, 1997-இல் அது ரத்தானது. அந்தச் செய்தியில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனாலும் பச்சைக் காயத்தில் மஞ்சள் போடமாட்டேன். கடைத்தூளில் என்ன கலந்திருக்கிறதோ தெரியாது. அதைவிட முக்கியம், மஞ்சள் பூசினால் காயத்தைச் சுற்றித் தோல் சிவப்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மேலே பொருக்கு கட்டிய பிறகு, வீட்டில் அரைத்த மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவலாம். கற்றாழையும் அப்போதுதான். மடலை வெட்டிச் சாய்த்து வைத்து, மஞ்சளாக வடியும் பாலைப் போகவிட்டு, கழுவிய சோற்றை மட்டும் எடுங்கள். அந்தப் பால் அரிக்கும்.

காயம் வாய் பிளந்து நின்றாலோ, அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். சிவப்பு பரவினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். செம்பனை முள் ஆழமாக ஏறினாலும், துருப்பிடித்த தகரமோ மண் ஒட்டிய கத்தியோ கிழித்தாலும் இசிவு நோய் (டெட்டனஸ்) தடுப்பூசி பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, எந்த இலையும் அதைத் தடுக்காது. ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போடச் சொல்வார்கள்.

அம்மாவுக்கு இப்போது இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. இரவில் அவர் படுக்குமுன் உள்ளங்காலை விளக்கில் திருப்பிப் பார்க்கிறேன். அங்கே சின்னக் கீறல் தெரிந்தாலும் தேன் குப்பியை எடுப்பதில்லை, மறுநாள் காலை முதல் வேலையாகக் கிளினிக்தான்.