அரிமா பின் சேகரிப்பு: புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லயன்ஸ் எனும் அரிமா சங்கங்களின் சர்வதேச மாநாட்டுக்கு முதல்முறை போகிற நம்மூர் அரிமாக்கள் பலரும் வெறுங்கையோடு போய்விடுகிறார்கள். அங்கே அரங்கத்துக்கு வெளியே மேசை போட்டு, துணி விரித்து, எழுபது வயதுக்காரர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி, சட்டையில் குத்திக்கொள்ளும் எனாமல் பின்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள். மாற்றிக்கொள்ள நம் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் முதல் தவறு இதுதான், சங்கத்தின் பெயரில் பின் செய்துகொண்டு போகாதது.

சரி, செய்யலாம் என்று முடிவெடுத்ததும் அடுத்த தவறு வரும். சிங்கச் சின்னத்தைப் பெரிதாகப் போட்டு, அந்த ஆண்டு லயன்ஸ் மாவட்ட ஆளுநர் பெயரையும் ஆண்டையும் எழுதி, டை (அச்சு) செலவு எப்படியும் ஒன்றுதானே என்று ஐந்நூறு அடித்துவிடுவார்கள். லயன்ஸ் ஆண்டு ஜூன் 30-ல் முடிகிறது, மாநாடு பெரும்பாலும் அதையொட்டித்தான் வரும், ஆக ஊர் திரும்பும்போது மிச்சமிருக்கும் முந்நூறு பின்னும் பழைய ஆண்டுப் பின்னாகியிருக்கும். ஆண்டு போட்ட பின்னை வரிசையாகச் சேர்ப்பவர்கள் உண்டு, அவர்களுக்காகக் கொஞ்சம் செய்யுங்கள். மீதியில் ஊரைப் போடுங்கள். கனடாக்காரருக்கு நம் ஆளுநரைத் தெரியாது, ஆனால் கோபுரமோ பனைமரமோ ஜல்லிக்கட்டுக் காளையோ இருந்தால் நின்று கேட்பார், நாமும் நாலு வார்த்தை பேசலாம். 'தமிழ்நாடு, இந்தியா' என்பது படிக்கிற அளவில் இருக்கட்டும். சின்னம் பதிவுபெற்ற வணிகக்குறி, அதை இஷ்டத்துக்கு நீட்டவோ நிறம் மாற்றவோ கூடாது, ஆர்டர் கொடுக்கும் முன்பே விதியைப் பார்த்துவிடுங்கள்.

மாற்றும் இடத்தில் நாம் சறுக்குவது பெரும்பாலும் கூச்சத்தால். யாராவது ஒரு பின்னை நீட்டினால், நம்மிடம் அதே பின் மூன்று இருந்தாலும், வேண்டாம் என்று சொன்னால் தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று வாங்கிக்கொள்கிறோம். 'இது என்னிடம் இருக்கிறது, வேறு இருக்கிறதா?' என்று கேட்பதில் அங்கே யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் கேட்காமல் அடுத்தவர் பலகையில் கைவைப்பதும், இரண்டு பேர் பேசி முடிக்கும் முன் நடுவில் புகுந்து நல்ல பின்னைக் காட்டுவதும் உண்மையாகவே வருத்தம் தரும். 'இது என்ன விலை?' என்று கேட்காதீர்கள். பின்னுக்குப் பின் என்பதுதான் இதன் உயிர். சாதாரணப் பின்னுக்குச் சாதாரணப் பின், ஒன்றுக்கு ஒன்று. அளவில் பெரிதாக, குறைந்த எண்ணிக்கையில் வரும் பிரஸ்டீஜ் பின்னுக்கு இன்னொரு பிரஸ்டீஜைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

அரிதானது என்ற பேச்சிலும் கவனம் வேண்டும். லயன்ஸ் 1917-ல் சிகாகோவில் தொடங்கியது, நூற்றாண்டு மாநாடு 2017-ல் அதே ஊரில் நடந்தது. அதையொட்டி எத்தனையோ சங்கங்கள் பின் அடித்தன, ஆகவே 100 என்று போட்டிருப்பதால் மட்டும் ஒரு பின் அரிதாகிவிடாது.

எனக்கு இன்றும் மனசு ஆறாத தவறு சுத்தம் செய்ததுதான். மங்கலாகத் தெரிந்த பழைய பின் ஒன்றை, பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வது மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன், தங்க நிற முலாம் போய் அடியில் இருந்த உலோகம் வெளியே வந்துவிட்டது. வெள்ளிக்குப் போடும் விபூதியும் கீறும். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், விரலால் தடவினால் கோடு மேடாகவும் நிறம் பள்ளமாகவும் தட்டுப்படுகிற சாஃப்ட் எனாமலை அவை கெடுத்துவிடும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும், அப்புறம் ஈரமில்லாமல் காயவிடுங்கள். பளபளப்பு முக்கியமில்லை, பழசு பழசாகத் தெரியட்டும்.

வைக்கும் இடமும் அப்படித்தான். பிளாஸ்டிக் வாடை அடிக்கிற மலிவான பிவிசி ஆல்பத்தில் போட்டு மூடினால், நாளாக நாளாக பின்மேல் பிசுக்கு படியும், செம்பும் பித்தளையும் பச்சை பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் இருந்தால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பின்னால் மாட்டும் பட்டாம்பூச்சி கிளட்ச் நடக்க நடக்கத் தளரும், நல்ல பின்னுக்குத் திருகிப் பூட்டும் கிளட்ச் வாங்குங்கள். பட்டுப்புடவையில் நேரடியாகக் குத்தினால் ஓட்டை விழும். காந்தம் வைத்த பின்னும் கிடைக்கிறது, ஆனால் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதை அணியவே கூடாது, நம் சங்கங்களில் மூத்தவர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாக, யார் கொடுத்தது என்று எழுதிவைக்காதது. மாநாட்டில் ஒரு நாளில் ஐம்பது பேரைப் பார்ப்போம், அறைக்குத் திரும்பும்போது முகமெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். மாற்றியதும் நின்ற இடத்திலேயே ஒரு சீட்டில் பெயர், ஊர், தேதி, அவர் சொன்ன ஒரு வரி, இவ்வளவையும் எழுதி பின்னோடு சேர்த்து வையுங்கள். என்னிடம் சீட்டு இல்லாத பின்கள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. அதில் ஒன்று ஒரு ஜப்பானிய அம்மா இரண்டு கையாலும் நீட்டிக் கொடுத்தது, எது என்றுதான் தெரியவில்லை.