'பலவந்தம்' என்று வரும்போது கிரேக்கத்தையும் பாருங்கள்

புதிய ஏற்பாட்டில் 'பலவந்தம்' என்று படித்ததும் அடிதடியை மட்டும் நினைக்காதீர்கள். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'பியா'. அப்போஸ்தலர் 5:26இல் அது, அப்போஸ்தலரை அழைத்து வரும்போது காவலர்கள் காட்டாமல் விட்ட முரட்டுத்தனம். 27:41இல் பவுல் போன கப்பலின் பின்புறத்தை உடைத்த அலைகளின் வேகம். அலைக்கு ஏது பகை?

மத்தேயு 11:12தான் சிக்கலான இடம். அங்கே வருவது 'பியா'வோடு தொடர்புடைய வினை, 'பியாட்செத்தாய்'. பரலோகராஜ்யம் வன்முறைக்கு உள்ளாகிறது என்றும் அதற்குப் பொருள் வரும், அது வலிமையோடு முன்னேறுகிறது என்றும் வரும். இரண்டுக்கும் ஒரே வினைவடிவம்தான்! நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முதலாவதை எடுத்துக்கொண்டது. அதே வசனத்தின் அடுத்த பகுதியில் 'பலவந்தம் பண்ணுகிறவர்கள்' வருவதால் எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. அப்புறம் லூக்கா 16:16ஐயும் சேர்த்துப் படியுங்கள். அங்கேயும் இதே வினைதான்.