இதயத்தின் எரிபொருளை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரிழிவும் உடல் பருமனும் இதயத்தின் வளர்சிதை மாற்றத்தை எவ்வாறு குலைக்கின்றன என்று ஆராய வரும் புதியவர்கள், நாங்கள் இத்துறையில் நுழைந்த காலத்தில் செய்த அதே பிழைகளை இன்றும் செய்கிறார்கள். கரைசலின் அமிலத்தன்மையைப் பார்ப்பது, வெப்பநிலையை 37 பாகையில் வைப்பது போன்றவற்றை எந்த வழிகாட்டியும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிட்டு, பல மாத உழைப்பை வீணாக்கக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

குளுக்கோஸ் மட்டும் உள்ள கரைசல்

உடலிலிருந்து எடுத்த இதயத்தின் பெருந்தமனியில் குழாயைச் செருகி, கரைசலைச் செலுத்தித் துடிக்க வைக்கும் முறையை ஆஸ்கர் லாங்கெண்டார்ஃப் 1895-இல் வெளியிட்டார். 1932-இல் வந்த கிரெப்ஸ்-ஹென்ஸலைட் கரைசலோடு லிட்டருக்கு 11 மில்லிமோல் குளுக்கோஸைச் சேர்த்து இதயத்துக்குக் கொடுப்பதே இன்றும் பல ஆய்வகங்களின் வழக்கம். நம் இரத்தப் பரிசோதனைச் சீட்டின் கணக்கில் அது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம். கொழுப்பு அமிலம் அதில் துளியும் இல்லை.

நலமான இதயம் தனக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கு மேல் கொழுப்பு அமிலங்களை எரித்தே பெறுகிறது. மீதியைக் குளுக்கோஸ், லாக்டேட், கீட்டோன் ஆகியவை தருகின்றன. கொழுப்பு அமிலம் எரியும்போது, குளுக்கோஸை எரிப்புக்குள் விடும் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் நொதி அடக்கப்பட்டு, குளுக்கோஸ் எரிவது குறைகிறது என்பதை ஃபிலிப் ராண்டிலும் அவருடைய குழுவினரும் 1963-இல் விளக்கினார்கள். நீரிழிவிலும் பருமனிலும் இரத்தத்தில் கொழுப்பு அமிலம் கூடுகிறது, இன்சுலினின் பிடி தளர்கிறது, இதயம் கொழுப்பையே மேலும் மேலும் சார்ந்து நிற்கிறது. நோயின் மையமே இதுதான் என்னும்போது, கொழுப்பு அமிலமே இல்லாத கரைசலில் நீரிழிவு இதயத்தைத் துடிக்கவிட்டு அதன் எரிபொருள் தேர்வை அளப்பதில் என்ன பொருள் இருக்கிறது? கொடுத்ததைத்தான் இதயம் எரிக்கும். வெளியிலிருந்து கொழுப்பு வராதபோது, நீரிழிவு இதயம் தன் செல்களுக்குள் சேர்த்து வைத்திருக்கும் ட்ரைகிளிசரைடையும் எடுத்து எரிக்கிறது. கதிரியக்கக் குறியிட்ட குளுக்கோஸை மட்டும் பின்தொடர்பவரின் கணக்கில் அது வரவே வராது.

வேறோர் ஆய்வகத்திலிருந்து ஒரு மாணவி தன் தரவுகளைக் காட்ட வந்திருந்தார். சுண்டெலிகளுக்கு மாதக்கணக்கில் கொழுப்பு மிகுந்த தீவனம் கொடுத்து, உடல் எடையும் இன்சுலினும் ஏறியதை ஒழுங்காகப் பதிந்து, இறுதியில் இதயங்களைக் குளுக்கோஸ் மட்டும் உள்ள கரைசலில் துடிக்க வைத்திருந்தார். இரத்த ஓட்டத்தை நிறுத்தி மீண்டும் தொடங்கியபோது பருமனான எலியின் இதயம் நலமான இதயத்துக்கு இணையாகத் தேறியது என்பது அவருடைய முடிவு. ஆய்விதழின் மதிப்பாய்வாளர், கொழுப்பு அமிலம் எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். அதற்குள் எலிகள் தீர்ந்துவிட்டன. உறைய வைத்த திசுவிலிருந்து எரிப்பு வீதத்தை மீட்டெடுக்கவும் வழியில்லை. கொழுப்பு அமிலத்தைக் கரைசலில் தாங்கிச் செல்லும் அல்புமின் என்னும் புரதம் விலை அதிகம், நுரைத்துத் தொல்லை தரும், முதல் சுற்றுக்கு வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. செய்பவரின் வசதிக்காக எடுத்த முடிவு, செய்முறைப் பகுதியின் ஒரு வரிக்குள் மறைந்து, உயிரியல் உண்மை என்ற பெயரில் வெளியே வருகிறது. நீரிழிவு இதயம் இரத்தக் குறைவைக் கூடுதலாகத் தாங்குமா, குறைவாகத் தாங்குமா என்று ஆய்விதழ்களில் நெடுங்காலம் நடந்த வாதத்தின் முரண்களில் ஒரு பகுதிக்கு, கரைசலில் கொழுப்பு அமிலம் இருந்ததா இல்லையா என்பதே காரணம்.

அல்புமின் தொல்லை தருவது உண்மைதான். 3 விழுக்காட்டுக் கரைசலுக்கு லிட்டருக்கு 30 கிராம் வேண்டும், அதுவும் கொழுப்பு அமிலம் நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பால்மிடிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தைச் சோடியம் கார்பனேட்டும் எத்தனாலும் கலந்த நீரில் சூடாக்கிக் கரைத்து, எத்தனால் ஆவியான பின், சுழன்றுகொண்டிருக்கும் வெதுவெதுப்பான அல்புமினில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். ஆறவிட்டு ஊற்றினால் சோப்புத் துணுக்குபோல வெள்ளையாகத் திரிந்துவிடும். அது வடிகட்டியை அடைக்கும். அல்புமின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், கால்சியம் உள்ள கரைசலில் ஓர் இரவு முழுவதும் டயாலிசிஸ் செய்த (சவ்வுப் பையிலிட்டு ஊறவைத்த) பிறகே இதயத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆக்சிஜனைக் கரைசலுக்குள் நேரடியாகக் குமிழியிட்டால் நுரை பொங்கும். கரைசலை மெல்லிய படலமாக வழியவிட்டு அதன் மேல் வாயுவைச் செலுத்துங்கள்.

எட்மண்டனில் உள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கேரி லோபாஷுக் குழுவினர் பல ஆண்டுகளாகச் செய்த அளவீடுகளில், இயல்பு நிலைக்கு 0.4 மில்லிமோலார் பால்மிடேட்டையும் (பால்மிடிக் அமிலத்தின் உப்பு வடிவம்), கொழுப்பு அமிலம் மிகுந்த நிலைக்கு 1.2 மில்லிமோலாரையும் காணலாம். நலமான இதயங்களுக்குக் குறைந்த அளவும் நீரிழிவு இதயங்களுக்கு மிகுந்த அளவும் கொடுத்து ஒப்பிடாதீர்கள். இரு குழுக்களையும் இரு அளவுகளிலும், இன்சுலினோடும் இன்சுலின் இல்லாமலும் சோதித்தால்தான், மாற்றம் இதயத்தினுடையதா கரைசலினுடையதா என்று தெரியும்.

உள்ளே போனதெல்லாம் எரிந்தது என்று எண்ணுவது

பெட் ஸ்கேனில் பயன்படும், குளுக்கோஸைப் போன்ற கதிரியக்கப் பொருளான எஃப்.டி.ஜி., செல்லுக்குள் நுழைந்து பாஸ்பேட் ஏற்றப்பட்டதும் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. எவ்வளவு குளுக்கோஸ் உள்ளே வருகிறது என்பதை அது மதிப்பிட உதவும்; உள்ளே வந்தது லாக்டேட்டாக வெளியேறியதா, கிளைகோஜனாகச் சேர்ந்ததா, மைட்டோகாண்ட்ரியாவில் எரிந்ததா என்று சொல்லாது. நொதியின் புரத அளவையோ மரபணு வெளிப்பாட்டையோ மட்டும் பார்த்து எரிப்பு கூடியது என்று எழுதுவதும் இதே பிழைதான்.

ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்த எலியை இரண்டாம் வகை நீரிழிவு என்பது

அந்த நச்சு, இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களை அழிக்கிறது. எலி மெலியும், இன்சுலின் தாழும். பருமனோடு வரும் நீரிழிவுக்கு பசியடக்கும் ஹார்மோனான லெப்டினின் ஏற்பி பழுதான டி.பி./டி.பி. சுண்டெலியோ, கொழுப்பு மிகுந்த தீவனமோ வேண்டும்.

எலிகளின் பட்டினி நேரத்தைக் குறிக்காமல் விடுவது

அது இல்லாத தரவை நான் படிப்பதில்லை.

உழைக்காத இதயத்துக்குச் செயல்திறன் கணக்கிடுவது

லாங்கெண்டார்ஃப் முறையில் இதயம் துடித்தாலும் கரைசலை இறைத்து வெளியேற்றுவதில்லை. செயல்திறனை அளக்க, இதயமே கரைசலை இறைக்கும் நீலி குழுவினரின் 1967-ஆம் ஆண்டு உழைக்கும் இதய முறை இருக்கிறது.

சர்க்கரை இறங்கியதால் இதயம் தேறியது என்று முடிப்பது

நீரிழிவு உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரு மடங்குக்கும் மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் நெடுங்கால ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1974-இல் காட்டியது. அப்படியானால் சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்தால் இதயம் பிழைக்கும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த அக்கார்ட் ஆய்வில் கடும் கட்டுப்பாட்டுக் குழுவில் இறப்பு கூடியதால், அந்தச் சிகிச்சையை 2008-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. 2015-இல், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்தான எம்பாகிளிஃப்ளோசின் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதை ஏறத்தாழ 35 விழுக்காடு குறைத்தது. சர்க்கரை இறங்கிய சிறிய அளவைக் கொண்டு அதை விளக்க முடியவில்லை. 2019-இல் அதே வகை மருந்தான டாபாகிளிஃப்ளோசின் நீரிழிவே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் பயன்பட்டது. இம்மருந்துகளால் கீட்டோன் சற்று உயர்வதுதான் காரணமா, உப்பும் நீரும் வெளியேறுவதா, வேறொன்றா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. ஆகவே உங்கள் எலிகளில் ஒரு மருந்தைச் சோதித்தால், சர்க்கரையோடு கொழுப்பு அமிலம், கீட்டோன், இன்சுலின் ஆகியவற்றையும் அதே இரத்த மாதிரியில் அளந்து, அந்த அளவுகளையே இதயத்துக்குச் செலுத்தும் கரைசலிலும் வையுங்கள்.