வைரஸை வடிகட்டும் கம்பெனியின் ஷேரை வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

2015 ஏப்ரலுக்கு முன்னால், ரத்தத்திலிருந்து வைரஸை வடிகட்டும் கருவி செய்கிற ஏத்லான் மெடிக்கல் என்ற அமெரிக்கக் கம்பெனியின் 7,500 ஷேர் வைத்திருந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றைக்கூட விற்கவில்லை, பத்திரமாக வைத்திருந்தார். 2023 அக்டோபரில் அவர் கணக்கில் இருந்தது ஒரே ஒரு ஷேர். யாரும் திருடவில்லை, எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. 2015இல் 50 ஷேரை ஒன்றாக்கினார்கள், 2019 அக்டோபரில் 15ஐ ஒன்றாக்கினார்கள், 2023 அக்டோபரில் 10ஐ ஒன்றாக்கினார்கள். பெருக்கிப் பாருங்கள், 7,500 வரும்.

இந்தக் கம்பெனியைப் பற்றி முதலீட்டாளர்கள் பல வருடங்களாகச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு தரப்பு "இந்தக் கருவி வேலை செய்கிறது, உலகம் ஒருநாள் புரிந்துகொள்ளும்" என்கிறது, இன்னொரு தரப்பு "இத்தனை வருடமாகியும் கடைக்கு ஒரு சரக்கு வரவில்லையே" என்கிறது. இரண்டு தரப்பும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஃபில்டர் வேலை செய்யுமா, செய்யாதா? ஷேர் வைத்திருப்பவருக்கு அது பாதிக் கேள்விதான். ஃபில்டர் அருமையாக வேலை செய்தும் உங்கள் பணம் கரைந்துபோகலாம். பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வருகின்றன.

முதலில் கருவியைப் பார்ப்போம், ஏனென்றால் அது உண்மையிலேயே அழகான யோசனை. சான் டியாகோவில் இருக்கும் இந்தக் கம்பெனியின் கருவிக்குப் பெயர் ஹீமோப்யூரிஃபையர். டயாலிசிஸ் மெஷினில் மாட்டுகிற மாதிரி ஒரு குழாய், உள்ளே முடி போல மெல்லிய குழல்கள். ரத்தம் அந்தக் குழல்களுக்குள் ஓடும்போது அணுக்கள் பெரிசு என்பதால் உள்ளேயே நின்றுவிடும், பிளாஸ்மாவும் அதில் மிதக்கிற வைரஸும் குழல் சுவரின் நுண்துளைகள் வழியாக வெளியே கசியும். வெளியே ஸ்னோட்ராப் என்ற ஐரோப்பியச் செடியின் கிழங்கிலிருந்து எடுத்த ஒரு புரதம் காத்திருக்கும். உறை உள்ள வைரஸ்களின் மேலே மேனோஸ் என்கிற சர்க்கரை ஒட்டியிருக்கும், அந்தச் சர்க்கரையை இந்தப் புரதம் பிடித்துக்கொள்ளும். வைரஸ் அங்கேயே மாட்டிக்கொள்ள, பிளாஸ்மா அணுக்களோடு சேர்ந்து உடம்புக்குத் திரும்பும்.

2014 அக்டோபரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஒரு எபோலா நோயாளிக்கு இதை ஆறரை மணி நேரம் மாட்டினார்கள். அவர் பிழைத்தார். குழாயில் 24 கோடியே 20 லட்சம் எபோலா வைரஸ் பிடிபட்டிருந்ததாகக் கம்பெனி அறிவித்தது. அந்த வருடம் டைம் பத்திரிகை போட்ட 25 சிறந்த கண்டுபிடிப்புகளின் பட்டியலில் இதற்கும் இடம் கிடைத்தது. இன்றைக்கும் இந்த ஷேரை நம்புகிறவர்கள் முதலில் எடுத்து வைப்பது இந்தச் சம்பவத்தைத்தான்.

இங்கேதான் கவனம் வேண்டும். பெரிய எண்ணைப் பார்த்ததும் கணக்குப் போடாமல் விட்டுவிடுகிறோம். சிகிச்சைக்கு முன்னால் அவர் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு சுமார் 4 லட்சம் வைரஸ், முடிந்தபோது சுமார் 1,000. ஒரு மனிதர் உடம்பில் தோராயமாக மூன்று லிட்டர் பிளாஸ்மா என்று வைத்தால் மொத்தம் 120 கோடி. பிடிபட்டது 24 கோடி, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் வைரஸ் அளவு இறங்கியதோ 99 சதவீதத்துக்கும் மேல். மீதியைக் குறைத்தது யார்? அவருடைய சொந்த எதிர்ப்பு சக்தியாக இருக்கலாம், அவருக்குக் கொடுத்த மற்ற மருந்துகளாக இருக்கலாம். அங்கே எஃப்எக்ஸ்06 என்ற இன்னொரு சோதனை மருந்தும் கொடுத்தார்கள், முழுத் தீவிர சிகிச்சையும் நடந்தது. கருவி உதவவில்லை என்று நான் சொல்லவில்லை, உதவியிருக்கலாம். ஒரே ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு எது எவ்வளவு உதவியது என்று பிரிக்கவே முடியாது, அதுதான் விஷயம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத வரை அது ஒரு நல்ல சேதி, அதற்கு மேல் சான்றாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே போல வைரஸ் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் விடுவதும் பெரிய தவறு. ரத்தத்தை வடிகட்டுகிற கருவி ரத்தத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். எபோலாவில் ரத்தத்திலேயே வைரஸ் ஏராளமாக இருக்கும். கொரோனா முக்கியமாக மூக்கையும் நுரையீரலையும் பிடிக்கிற நோய், மிக மோசமான கட்டத்தில் இருப்பவர்களிடம்தான் ரத்தத்தில் வைரஸ் அதிகம் தென்படும். அதுவும் போக, குழாயைக் கழற்றிய பிறகும் திசுக்களில் இருக்கிற செல்கள் புது வைரஸை உற்பத்தி செய்துகொண்டேதான் இருக்கும். ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும் படகில் இறைப்பது போலத்தான், ஓட்டையை வேறு எதாவது அடைத்தாக வேண்டும்.

சரி, அடுத்தது எஃப்டிஏ சமாச்சாரம், அதாவது மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கிற அமெரிக்க அரசு அமைப்பு. "எஃப்டிஏ அப்ரூவல் கிடைத்துவிட்டது" என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள், எந்த அனுமதி என்று திருப்பிக் கேளுங்கள். மனிதர்கள் மேல் சோதனை நடத்த அனுமதி என்பது ஒன்று. 'பிரேக்த்ரூ டிவைஸ்' என்ற அந்தஸ்து இன்னொன்று, அது பரிசீலனையை வேகப்படுத்தும், அதை வைத்து விற்க முடியாது. நெருக்கடிகால அனுமதி வேறொன்று, நெருக்கடி இருக்கிற வரைக்கும்தான் அதற்கு உயிர். கடைசியில் இருப்பதுதான் முழுமையான விற்பனை அனுமதி. ஹீமோப்யூரிஃபையருக்கு வைரஸுக்கு ஒன்று, புற்றுநோய்க்கு ஒன்று என இரண்டு பிரேக்த்ரூ அந்தஸ்து உண்டு. 2020 ஜூனில் கொரோனா நோயாளிகள் 40 பேர் வரை, 20 மருத்துவமனைகள் வரை சோதனை நடத்த எஃப்டிஏ இசைந்தது. அந்தச் சேதி வந்தபோது எத்தனை பேர் "இனி ராக்கெட்தான்" என்று குதித்தார்கள்! அந்தச் சோதனையில் கடைசி வரை சேர்ந்தது ஒரே ஒரு நோயாளி. தடுப்பூசி வந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவுகள் காலியாகின, சோதனை மூடப்பட்டது. கம்பெனி பிறகு புற்றுநோய்ப் பக்கம் திரும்பி ஆஸ்திரேலியாவில் சோதனையைத் தொடங்கியது. அனுமதி கிடைப்பது வேறு, ஆள் சேர்வது வேறு, முடிவு வருவது வேறு, அந்த முடிவு நல்லதாக இருப்பது முற்றிலும் வேறு.

இப்போது பணத்துக்கு வருவோம், நான் உண்மையில் சொல்ல வந்தது இதைத்தான்.

என் சித்தப்பா மகன் ஒருவன் கோயம்புத்தூரில் இருக்கிறான், 2021இல் போன் ஆப் வழியாக டாலர் அனுப்பி இதே மாதிரி ஒரு சின்ன ஃபில்டர் கம்பெனியில் 1,200 ஷேர் வாங்கியிருந்தான். ஒருநாள் காலையில் பதற்றமாகக் கூப்பிட்டான். "அண்ணா, என் ஷேர் எங்க போச்சு? 80தான் காட்டுது, ஆனா விலை பதினஞ்சு மடங்கு ஏறியிருக்கு, இது நல்லதா கெட்டதா?" திரையைப் படம் பிடித்து அனுப்பினான். எண்ணிக்கை 80, விலை பதினைந்து மடங்கு, மொத்த மதிப்பு நேற்று இருந்த அதே தொகை. பல ஷேரை ஒன்றாக்கும் இந்த வேலைக்குப் பெயர்தான் ரிவர்ஸ் ஸ்பிளிட். அந்த நிமிடத்தில் அவனுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் நான்கே மாதத்தில் அந்த 80இன் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் ஒரு ஷேர் தொடர்ந்து 30 வர்த்தக நாள் ஒரு டாலருக்குக் கீழே கிடந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும், சரிசெய்யப் பொதுவாக 180 நாள் அவகாசம் கொடுப்பார்கள். ஷேர்களை ஒன்றாகச் சேர்த்தால் விலை தானாக ஒரு டாலருக்கு மேலே வந்துவிடும். விலை ஏன் அங்கே இறங்கியது? பெரும்பாலும் கம்பெனி புதுப்புது ஷேராக அச்சடித்து விற்றுச் செலவை ஓட்டியதால்தான். விற்பனையே இல்லாத கம்பெனி விஞ்ஞானிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ட்ரயல் நடத்த வேண்டும், வேறு வழி கிடையாது. ஏத்லானுக்கே 2022 முதல் 2025 வரையான நிதியாண்டுகளில் வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் நட்டம். இது மோசடி இல்லை, மருத்துவக் கருவி செய்கிற சின்னக் கம்பெனிகள் வாழ்கிற முறையே இதுதான். ஆனால் அந்தச் செலவுக்குப் பணம் கொடுப்பவர் நீங்கள், ஒவ்வொரு முறையும் உங்கள் பங்கின் அளவு சுருங்குகிறது.

இதில் ஒரு பயங்கரமான பொறி சார்ட்டில் இருக்கிறது. விலை வரைபடங்கள் ரிவர்ஸ் ஸ்பிளிட்டுக்கு ஏற்பப் பழைய விலையைத் திருத்திக் காட்டும். 2014இல் சில சென்ட்டுக்கு விற்ற ஷேர் இன்றைய வரைபடத்தில் பல ஆயிரம் டாலர் என்று நிற்கும். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்து, "ஒரு காலத்தில் பல ஆயிரம் டாலர் போன ஷேர், இன்று சில டாலருக்குக் கிடைக்கிறது, நூறுக்குப் போனாலே போதும்" என்று வாங்கிவிடுகிறார். அந்த விலையில் யாரும் வாங்கியதே இல்லை, அது கணக்கு வழியாக வந்த எண். வரைபடத்தை நம்பாமல் மொத்த மதிப்பைப் பாருங்கள், விலையை ஷேர் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும்.

எண்ணிக்கை எங்கே கிடைக்கும்? காலாண்டு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே மொத்த ஷேர் எத்தனை என்று போட்டிருப்பார்கள். அதையும் போன வருட அறிக்கையின் முதல் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் உள்ளே போய்க் கையில் இருக்கும் ரொக்கத்தைப் பாருங்கள், மூன்று மாதத்தில் கரைந்ததை மூன்றால் வகுத்து, அந்த மாதச் செலவால் ரொக்கத்தை வகுத்தால், இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் புது ஷேர் வரப்போகிறது, அதில் சந்தேகமே வேண்டாம். 'தொடர்ந்து தொழில் நடத்த முடியுமா என்பதில் கணிசமான ஐயம்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். பத்து நிமிட வேலை. டெக்னாலஜியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்களில் பலர் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நல்ல சேதி வந்த அன்று வாங்குவதும் இதோடு சேர்ந்த தவறுதான். விலை ஒரே நாளில் இரண்டு மடங்கு ஏறினால் கம்பெனிக்கு அதுதான் பணம் திரட்ட உகந்த நேரம். சந்தை விலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் புது ஷேரை விற்க முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருப்பார்கள், அதை ஏடிஎம் ('அட் தி மார்க்கெட்', பணம் எடுக்கிற மெஷின் இல்லை) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நீங்கள் ஆசையோடு வாங்கும் அந்த ஷேரை விற்பது கம்பெனியாகவே இருக்கலாம்.

தொற்று பயத்தில் வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எபோலாவில் நடந்தது, கொரோனாவில் நடந்தது, அடுத்த கிருமி வரும்போதும் நடக்கும். உண்மையிலேயே சரக்கு விற்கிற கம்பெனிக்குக்கூட அது நிலைக்கவில்லை. மாஸ்க் செய்யும் ஆல்ஃபா ப்ரோ டெக் கம்பெனியின் விற்பனை 2019இல் 4.67 கோடி டாலர், 2020இல் 10 கோடியைத் தாண்டியது, 2021இல் மறுபடி 7 கோடிக்குக் கீழே வந்துவிட்டது. சரக்கே இல்லாதவர்களின் கதை இன்னும் மோசம். ப்ராக்சின் என்ற கம்பெனி என்95 மாஸ்க் ஏராளமாகக் கைவசம் இருப்பது போல அறிவித்தது, உண்மையில் ஒரு மாஸ்க்கூட அவர்களிடம் இல்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2020 ஏப்ரலில் வழக்குப் போட்டது. அதே 2020 மார்ச்சில் ஜூம் டெக்னாலஜிஸ் என்ற வேறு கம்பெனியின் வர்த்தகத்தையும் ஆணையம் நிறுத்தி வைத்தது, வீடியோ கால் ஜூம் என்று நினைத்து மக்கள் தவறாக அதை வாங்கியதால்.

காற்று ஃபில்டர் பக்கம் போனால் வேறொரு ஏமாற்றம். 'வைரஸைக் கொல்லும் பூச்சு' என்று விற்கிறார்கள். சாதாரண ஹெப்பா ஃபில்டரே பிடிக்கக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகள்களை 99.97 சதவீதம் பிடித்துவிடும், அதைவிடச் சின்னது நழுவிவிடும் என்பது தவறான எண்ணம், மிகச் சிறிய துகள்கள் தாறுமாறாக அலைந்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய வைரஸ் போகப்போகத் தானாகவே செயலிழந்துவிடும். அப்படியானால் இந்தப் பூச்சு கூடுதலாக என்ன தருகிறது, அதற்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வந்தால் அந்தக் கம்பெனியை மேலே படிக்கலாம்.

கடைசியாக, சந்தேகம் கேட்கிறவரை "ஷார்ட் அடித்தவன்", அதாவது விலை இறங்கினால் லாபம் பார்க்கிறவன் என்று விரட்டுவது. சிலர் அப்படி இருக்கலாம்தான். ஆனால் அவர் எடுத்துக் காட்டிய ரொக்கக் கணக்கு சரியா தப்பா என்று பார்த்துவிட்டுத் திட்டுங்கள். விலை இறங்க இறங்க மேலும் வாங்கி, தங்கள் சராசரி விலையைக் குறைத்து ஆவரேஜ் செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் எண்ணிக்கை பெருகிக்கொண்டே இருக்கும் ஷேரில் ஆவரேஜ் செய்தால் உங்கள் பங்கு அவ்வளவு பெரிதாகாது. நம்மூரிலிருந்து டாலர் அனுப்பி வாங்குகிறவர்கள் இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: கணக்கில் ஒரே ஒரு ஷேர் மிச்சம் இருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏ பகுதியில் அதைக் காட்ட வேண்டும்.

என் தம்பி இப்போதெல்லாம் எந்தக் கம்பெனியைப் பற்றிக் கேட்டாலும் இரண்டு முதல் பக்கங்களின் படத்தைத்தான் அனுப்புகிறான். போன வாரம் அனுப்பியதில் ஷேர் எண்ணிக்கை ஒரு வருடத்தில் மூன்று மடங்கு ஆகியிருந்தது. "ஃபில்டர் நல்லாத்தான் இருக்குண்ணா, ஆனா வாங்கல" என்று கீழே எழுதியிருந்தான்.