கான்பான் போர்டு மாட்டியாச்சு, வேலை ஏன் நகரவில்லை?

அலுவலகத்தில் ப்ராஜெக்ட் வேலைகளை ஒழுங்குபடுத்த எளிய வழி எது என்று யார் கேட்டாலும் நான் கான்பான் போர்டைத்தான் சொல்வேன். ஒரு சுவர், மூன்று நான்கு கட்டம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்டிக்கி நோட். வேலை முன்னேற முன்னேற அந்தத் தாளும் அடுத்த கட்டத்துக்கு நகரும். அரை மணி நேரத்தில் தொடங்கிவிடலாம். ஆனால் போர்டை மாட்டியதுமே முறையும் வந்துவிட்டதாகப் பல இடங்களில் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு மாதத்தில் தாள்களின் ஓரம் சுருண்டுவிடும். யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று கழற்றிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம், ஏனென்றால் பெரும்பாலும் அங்கே இந்த முறையைச் செய்து பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இது டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்த முறை. 1940களின் இறுதியில் தொடங்கி 1950களில் அங்கே பொறியாளராக இருந்த தைச்சி ஓனோ இதை வளர்த்தெடுத்தார். சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்குத்தான் அலமாரியை மறுபடி நிரப்புவார்கள். அதே யோசனையை அவர் உற்பத்திக்குக் கொண்டுவந்தார். அடுத்த நிலையில் இருப்பவர் பாகத்தை எடுத்துக்கொண்டதும், அதோடு இருந்த அட்டை (இதைத்தான் கான்பான் என்பார்கள்) முந்தைய நிலைக்குத் திரும்பிப் போகும். அட்டை வந்தால்தான் அங்கே இருப்பவர் அடுத்ததைச் செய்யலாம். வரவில்லையா, செய்யக் கூடாது. தேவைக்கு மேல் தொடங்காமல் தடுக்கத்தான் அந்த அட்டை. அதை விட்டுவிட்டுக் கலர் தாளை மட்டும் எடுத்துக்கொள்வதில்தான் மற்ற தவறுகளும் ஆரம்பிக்கின்றன.

வரம்பு இல்லாத 'நடப்பவை'

"செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை" என்று மூன்று கட்டம் போட்டு, நடுக் கட்டத்தில் எத்தனை தாள் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நான்கு பேர் இருக்கும் குழுவில் 24 தாள் 'நடப்பவை'யில் இருக்கும். எல்லோரும் மும்முரமாகத்தான் இருப்பார்கள். ஆனால் எதுவும் முடியாது.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்துக் காட்டியது: கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வாரத்துக்கு முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்பது வந்துவிடும். கையில் 24, வாரத்துக்கு முடிவது 4 என்றால் ஒவ்வொன்றுக்கும் 6 வாரம். அதே ஆட்கள், அதே வேகம், கையில் 12 மட்டும் என்றால் 3 வாரம். யாரும் கூடுதலாக ஓட வேண்டியதில்லை. தோசைக்கல்லில் ஆறுக்குத்தான் இடம் என்றால் மாஸ்டர் ஏழாவதை ஊற்ற மாட்டார் அல்லவா, அதே நியாயம்தான்.

ஆகவே கட்டத்தின் தலைப்பிலேயே ஓர் எண்ணை எழுதுங்கள். நான்கு பேருக்கு 5 என்று ஆரம்பிக்கலாம். 5 நிரம்பியிருந்தால் ஆறாவது உள்ளே வராது. கை காலியான ஆள் புதிய தாளை எடுக்காமல், பக்கத்தில் சிக்கிக் கிடக்கும் வேலைக்குக் கை கொடுக்க வேண்டும். முதல் வாரம் இது மிகவும் சங்கடமாக இருக்கும், "சும்மா உட்கார்ந்திருக்கிறானே" என்று மேலாளருக்குப் படும். அந்தச் சங்கடத்தைத் தாங்காமல் எண்ணை 5-லிருந்து 9-ஆக, அப்புறம் 15-ஆக ஏற்றிவிடுகிறார்கள். அதோடு முறை முடிந்தது. வரம்பு நிரம்பி நிற்கும்போதுதான் எங்கே அடைப்பு என்று கண்ணுக்குத் தெரியும். அடைப்பைச் சரிசெய்யாமல் எண்ணை ஏற்றாதீர்கள்.

காத்திருப்பதை வேலை என்று எண்ணுவது

ஒரு பிரசுரம் அச்சாக வேண்டும் என்று வையுங்கள். வடிவமைப்பு இரண்டு நாளில் முடிந்தது. பிறகு ஒப்புதலுக்காக மேலதிகாரி மேஜையில் ஒன்பது நாள். அச்சகத்தின் விலைப்பட்டியலுக்காக நான்கு நாள். அச்சு ஒரு நாள். இந்த 16 நாளும் அந்தத் தாள் 'நடப்பவை'யிலேயே இருக்கும். பார்ப்பவர்கள் வடிவமைப்பாளர்தான் தாமதம் என்று நினைப்பார்கள். உண்மையில் 13 நாள் யாரும் அதைத் தொடவே இல்லை.

'ஒப்புதலுக்குப் போனவை' என்று தனிக் கட்டம் போட்டுவிடுங்கள். அங்கே போகும் தாளில் யாரிடம், எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். இதில் இன்னொரு பள்ளமும் உண்டு: காத்திருப்பதற்குத் தனிக் கட்டம் கிடைத்ததும் கஷ்டமான வேலையை எல்லாம் அதில் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கிவிடுவார்கள். அதற்கும் வரம்பு வேண்டும். மூன்று தாள் காத்திருந்தால், அடுத்ததைத் தொடங்கும் முன் ஒருவர் எழுந்து போய் அந்த ஒப்புதலைக் கேட்டு வாங்கி வர வேண்டும்.

தாளில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். "வெப்சைட்" என்று ஒரே சொல்லில் ஒட்டிய தாள் ஆறு மாதம் அசையாது. "தொடர்புப் பக்கத்தில் மதுரைக் கிளையின் புதிய முகவரி" என்று எழுதினால் வியாழக்கிழமைக்குள் நகரும். ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முடிகிற அளவு நல்லது. 'முடிந்தது' என்றால் என்ன என்பதையும் அந்தக் கட்டத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். "என் பக்கம் முடிஞ்சது" என்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கேட்டவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டே நாளைக் கழிப்பது

இதற்கு ஒரு நல்ல உதாரணம் நம் பக்கத்திலேயே, ஹைதராபாத்தில் இருக்கிறது. 2004-ல் மைக்ரோசாஃப்டின் ஐடி பிரிவுக்காக அங்கிருந்து ஒரு சிறு குழு மென்பொருள் பராமரிப்பு வேலை செய்துவந்தது. ஒரு மாற்றம் கேட்டால் கிடைக்க ஐந்து மாதம் போல ஆகும். டிராகோஸ் டுமிட்ரியு என்ற மேலாளர், மென்பொருள் மேலாண்மை நிபுணர் டேவிட் ஆண்டர்சனின் ஆலோசனையோடு காரணத்தைத் தேடினார். புதிய கோரிக்கை எது வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் மதிப்பீடு கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதற்காகக் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். குழுவின் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதற்கே போனது. அப்படி மதிப்பிட்டவற்றில் பல கடைசியில் நடக்கவும் இல்லை. மதிப்பீட்டை நிறுத்தினார்கள், ஒவ்வொரு நிலையிலும் கையிருப்பு வேலைக்கு வரம்பு போட்டார்கள், பிற்பாடு ஆள் ஒதுக்கீட்டையும் மாற்றினார்கள். இரண்டு வாரம் போலத்தான் ஆகிறது என்ற நிலை வந்தது. கான்பான் மென்பொருள் துறைக்குள் வந்த கதையில் இது முதல் அத்தியாயம் மாதிரி.

எல்லாமே அவசரம்

சிவப்புத் தாள் 'அவசரம்' என்று வைத்தால் பதினைந்து நாளில் போர்டு முழுக்கச் சிவப்பாகிவிடும். அவசரத்துக்கு ஒரே ஓர் இடம் ஒதுக்குங்கள். இரண்டாவது அவசரம் வந்தால், முதலாவதை இறக்குவதா என்று இரண்டையும் அனுப்பியவர்களே பேசி முடிவு செய்யட்டும். இதைவிட மோசமானது, வாட்ஸ்அப்பிலும் படிக்கட்டிலும் வாய்மொழியாக வருகிற "சின்ன வேலை". போர்டில் இல்லாத வேலை செய்யப்படாது என்ற ஒரே விதியை நிர்வாக இயக்குநரும் மதித்தால்தான் மற்றவர்கள் மதிப்பார்கள்.

ஆளை எண்ணும் போர்டு

காலைக் கூட்டத்தில் ஒவ்வொருவராக "நேத்து என்ன பண்ணே?" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. ஆளைக் கேட்காமல் தாளைக் கேளுங்கள். வலது ஓரத்திலிருந்து, அதாவது முடிவுக்கு மிக அருகில் இருப்பதிலிருந்து தொடங்கி, "இது நகர என்ன வேண்டும்?" என்று வரிசையாக இடது பக்கம் வாருங்கள். பத்து நிமிடம் போதும். யார் எத்தனை தாள் முடித்தார் என்று சம்பள உயர்வுக்குக் கணக்கெடுக்கத் தொடங்கிய நாளிலேயே, ஒரு வேலையை ஐந்து தாளாகக் கிழித்து ஒட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ட்ரெல்லோ, ஜிரா போன்ற மென்பொருளை முதல் நாளே வாங்க வேண்டாம். எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருந்தால் சுவரே போதும். கட்டடம் கட்டுவது மாதிரி ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்ற வேலைகளுக்குப் போர்டு மட்டும் போதாது, தேதிவாரியான திட்டமும் வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேலையைத் தவறாமல் செய்யுங்கள். ஒவ்வொரு தாளிலும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி இரண்டையும் எழுதிவையுங்கள். முடிந்த தாளைக் கசக்கிப் போடாதீர்கள். 20 தாள் சேர்ந்ததும் எடுத்துப் பாருங்கள். அவற்றில் 17 தாள் ஒன்பது நாளுக்குள் முடிந்திருந்தால், அடுத்த முறை வாடிக்கையாளர் "எப்ப முடியும்?" என்று கேட்கும்போது ஒன்பது நாள் என்று தயங்காமல் சொல்லலாம்.